பத்து மைக்ரான் பொருத்தம்

உலைக்குப் போகும் முன் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போன தண்டும் கியரும், உலையிலிருந்து வந்த பிறகு ஒன்றையொன்று ஏற்க மறுப்பதுண்டு. கையால் தள்ளினால் பாதி தூரம் போய் நின்றுவிடும். ஒரு பல் தள்ளித் திருப்பி வைத்தால் இன்னும் கொஞ்சம் போகும்; அடுத்த பல்லுக்குத் திருப்பினால் வாயிலேயே மாட்டும். மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தால் இரண்டுமே டிராயிங்கில் உள்ள அளவுக்குள்தான் இருக்கும். கடைசியில் யாராவது பித்தளைச் சுத்தியலைத் தேடுவார்கள்.

அம்பத்தூரோ கோவையோ ஸ்டுட்கார்ட்டோ, கியர் செய்கிற இடமெல்லாம் இதுதான் கதை. பழியும் எப்போதும் ஒரே ஆள் தலையில்தான் விழும். “நாங்க சரியாத்தான் குடுத்தோம், ஹீட் ட்ரீட்மென்ட்லதான் ஊதி அனுப்பிட்டாங்க.” இதில் பாதிதான் உண்மை. மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தும் வேலை எஃகில் இரண்டு வேறு காரியங்களைச் செய்கிறது. ஒன்று, அளவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இரண்டு, உருவத்தைக் கோணலாக்குகிறது. முதலாவதைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது கழித்தலுக்கு அடங்காது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால்தான் சுத்தியலுக்கு வேலை வருகிறது.

சுழலும் தண்டின்மேல் ஒரு கியரை நழுவாமல் பூட்டப் பழைய வழி, சாவி. தண்டில் ஒரு பள்ளம், துளையில் ஒரு பள்ளம், நடுவே ஓர் எஃகுத் துண்டு. திருகுவிசை முழுவதையும் அந்த ஒற்றைத் துண்டு தாங்க வேண்டும். சாவியைத் தண்டிலிருந்தே வெட்டியெடுத்து, ஒன்றுக்குப் பதில் சுற்றிலும் இருபது முப்பது என்று வைத்தால் அது ஸ்ப்லைன். டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டரை ஓட்டும் தண்டைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் வகையில் நேரான பக்கங்களோடு ஆறு தடித்த பற்கள் இருக்கும். அதே பருமனில் 1000 சுற்று வகை ஒன்றும் உண்டு. அதில் 21 சின்னப் பற்கள், பக்கங்கள் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் இன்வொல்யூட்.

ஓர் உருளையில் சுற்றிய நூலைத் தொய்யவிடாமல் இழுத்துப் பிடித்துப் பிரித்தால் நூலின் நுனி வரைந்துகொண்டு போகும் கோடு இன்வொல்யூட். ஊசல் கடிகாரம் பற்றி 1673-ல் எழுதிய நூலில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இவ்வகை வளைவுகளை ஆராய்ந்தார். பற்சக்கரத்துக்கு இது ஏற்றது என்று அடுத்த நூற்றாண்டில் காட்டியவர் லியனார்டு ஆய்லர். இரண்டு சக்கரங்கள் இந்த வளைவில் பட்டு உருளும்போது சுழற்சி விகிதம் இம்மியும் மாறாது.

ஆனால் ஸ்ப்லைனில் எதுவும் உருளுவதில்லை. எல்லாப் பற்களும் எல்லா நேரமும் தொட்டுக்கொண்டே நிற்கின்றன. பிறகு எதற்கு அந்த வளைவு? காரணம் உயர்ந்த தத்துவம் ஒன்றுமில்லை. கியர் வெட்டும் ஹாபிங் மெஷின் பட்டறையில் ஏற்கெனவே நிற்கிறது. ஹாப் என்கிற வெட்டுக் கருவியின் பற்களுக்கு நேரான பக்கங்கள்தான். செய்வதும் சுலபம், சாணை பிடிப்பதும் சுலபம். ஒரே மாட்யூல் (பல்லின் பருமனைச் சொல்லும் எண்) ஹாப் 12 பல்லையும் வெட்டும், 40 பல்லையும் வெட்டும்; வளைவு தானாக அமைந்துவிடும். கூடுதல் லாபமாக, பல்லின் அடி தடித்திருப்பதால் வலிமை அதிகம். சாய்ந்த பக்கங்கள் சுமை ஏறும்போது தண்டைத் துளையின் நடுவுக்குத் தள்ளுகின்றன. பல்லின் பக்கச் சாய்வைச் சொல்லும் அழுத்தக் கோணம் கியர்களில் பொதுவாக 20 டிகிரி, ஸ்ப்லைன்களில் 30, 37.5 அல்லது 45 டிகிரி. பற்கள் குட்டை, தோள் அகலம்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே ஸ்ப்லைனைக் கையில் வைத்துக்கொள்வோம். மாட்யூல் 2, பற்கள் 24, அழுத்தக் கோணம் 30 டிகிரி. மாட்யூலைப் பல் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது பிட்ச் வட்டம் என்ற கற்பனை வட்டத்தின் விட்டம்: 48 மி.மீ. அந்த வட்டத்தின் வழியே அளந்தால் பல்லின் அடிப்படைத் தடிமன் 3.142 மி.மீ.; பற்களுக்கு இடைப்பட்ட பள்ளமும் அதே அகலம்.

பல்லும் பள்ளமும் ஒரே அளவென்றால் ஆட்டமே இருக்காது. ஐ.எஸ்.ஓ. 4156 என்ற சர்வதேசத் தரம் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. துளையின் பள்ளம் எப்போதும் அடிப்படை அளவிலிருந்து தொடங்கும். ஆட்டம் வேண்டுமென்றால் தண்டின் பல்லைத்தான் மெலிய வைக்க வேண்டும். ‘எச்’ பொருத்தம் என்றால் குறைந்தபட்ச இடைவெளி பூஜ்யம். நம் 48 மி.மீ. ஸ்ப்லைனுக்கு ‘எஃப்’ என்றால் 25 மைக்ரான், ‘ஈ’ என்றால் 50, ‘டி’ என்றால் 80. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளையை அசைக்காமல் தண்டை மட்டும் மாற்றுவதற்குப் பின்னால் பணக்கணக்கு இருக்கிறது. உட்பற்களைப் பெரும்பாலும் புரோச் என்ற நீண்ட கருவியை ஒரே இழுப்பில் துளை வழியே இழுத்து வெட்டுகிறார்கள். அதன் விலை அதிகம், அளவு பிறவியிலேயே நிலைத்தது. ஹாபையோ ஒரு கைப்பிடியைத் திருகி மேலும் கீழும் நகர்த்தலாம். இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அளவும் உருவமும் பிரியும் இடம் இனிமேல்தான் வருகிறது. நம் தண்டின் 24 பற்களும் துல்லியமாக ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஒரு பல் தன் இடத்திலிருந்து 10 மைக்ரான் தள்ளி நிற்கிறது. எந்தப் பல்லை அளந்தாலும் அளவு சரி. அடிப்படை அளவில் குறையில்லாமல் செய்த துளைக்குள் தண்டு போகுமா? போகாது. அந்த ஒரு பல்லுக்காக எல்லாப் பள்ளங்களும் 10 மைக்ரான் அகலமாக வேண்டும். அதாவது, தண்டின் ஒவ்வொரு பல்லும் 10 மைக்ரான் தடித்துவிட்டதைப் போல அது நடந்துகொள்கிறது. பல்லை அளந்தால் கிடைப்பது உண்மைத் தடிமன். 24 பற்களும் சேர்ந்து 24 பள்ளங்களுக்குள் ஒரே நேரத்தில் நுழைய முயலும்போது வெளிப்படுவது பயனுறு தடிமன். பல் இடம் தவறினாலும், வளைவு பிசகினாலும், தண்டின் நீளவாக்கில் பல் முறுக்கிக்கொண்டாலும் பயனுறு தடிமன் கூடும். ஒருபோதும் குறையாது. துளைக்கு இதே கதை தலைகீழ்: பிழைகள் சேரச் சேரப் பள்ளத்தின் பயனுறு அகலம் குறையும்.

அதனால்தான் ஸ்ப்லைனுக்கு இரண்டு வித அளவை. எதிரெதிர்ப் பள்ளங்களில் இரண்டு சிறு உருளைப் பின்களை வைத்து மைக்ரோமீட்டரால் அளப்பது உண்மைத் தடிமனைச் சொல்லும். முழுப் பற்களும் கொண்ட ‘கோ’ கேஜ் பயனுறு தடிமனைச் சோதிக்கும். ‘நோ-கோ’ கேஜில் வேண்டுமென்றே எதிரெதிராகச் சில பற்களை மட்டும் விட்டிருப்பார்கள். அதன் வேலை மறுபடி உண்மைத் தடிமன். பின் அளவு சரி, கேஜ் போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்வதாக அர்த்தமில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

இவ்வளவு தொல்லை என்றால் கெட்டிப்படுத்தாமலே விட்டால் என்ன? விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்ப்லைனில் பற்கள் உருளாவிட்டாலும் சும்மா இருப்பதில்லை. தண்டும் துளையும் ஒரே அச்சில் இல்லாமல் கொஞ்சம் விலகியிருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல் மற்றதன்மேல் சில மைக்ரான் முன்னும் பின்னும் தேய்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில். எண்ணெய் அந்த இடுக்குக்குள் திரும்பி வர நேரமில்லை. உரசி உதிரும் இரும்புத் துகள் காற்றில் துருவாகிக் காவி நிறப் பொடியாகத் தங்குகிறது. அந்தப் பொடியே அடுத்து உப்புத்தாளாக வேலை செய்கிறது. கிளட்ச் பிளேட்டைக் கழற்றும் மெக்கானிக் தண்டின் பற்களில் செக்கச் சிவந்த தூளைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவது இதனால்தான். மேற்பரப்பு கெட்டியானால் இந்தத் தேய்மானம் பெரிதும் குறையும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மென்மையான பற்கள் ஓட ஓட ஒன்றுக்கொன்று தேய்ந்து படிந்துகொள்ளும். முதல் நாள் நான்கு பல் மட்டும் சுமந்த பாரத்தைக் கொஞ்ச காலத்தில் பல பற்கள் பகிர்ந்துகொள்ளும். கெட்டியான பற்கள் அப்படி விட்டுக்கொடுக்காது. முதல் நாள் கோணல் கடைசி நாள்வரை கோணல்தான்.

கெட்டிப்படுத்தும் முறைகளில் மூத்தது கார்பன் ஏற்றுவது; பட்டறை மொழியில் கேஸ் ஹார்டனிங். இரும்பைக் கரியோடு சேர்த்துப் பெட்டியில் மூடிப் பழுக்கக் காய்ச்சினால் அது எஃகாகும் விதத்தைப் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1722-லேயே விரிவாக எழுதிவிட்டார். இன்று கரிக்குப் பதில் வாயு. 20 எம்என்சிஆர் 5 போல 0.2 விழுக்காடு கார்பன் உள்ள எஃகை 900 முதல் 950 டிகிரி செல்சியஸில் வைத்தால், மேற்பரப்பில் கார்பன் 0.8 விழுக்காடு வரை ஏறும். கார்பன் உள்ளே இறங்கும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. 925 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 0.63 மி.மீ. என்றால், அதைப் போல இரு மடங்கு ஆழத்துக்கு நான்கு மணி நேரம் வேண்டும்.

அதுவரை பெரிய சேதம் இல்லை. சேதம் எண்ணெய்த் தொட்டியில் காத்திருக்கிறது. பழுத்த எஃகின் அணு அடுக்குக்கு ஆஸ்டினைட் என்று பெயர். அணுக்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டவை. சடாரென்று குளிர்வித்தால் கார்பன் அணுக்கள் தப்பிக்க நேரமில்லாமல் மாட்டிக்கொள்ள, அடுக்கு இழுபட்டு மார்ட்டன்சைட் ஆகிறது. அதுதான் அந்தக் கெட்டித்தன்மை. அந்த மாற்றத்தில் பருமன் கிட்டத்தட்ட 4 விழுக்காடு கூடுகிறது. குளிர்வதால் சுருங்கிக்கொண்டிருக்கும் உலோகம், நடுவழியில் திடீரென்று வீங்குகிறது.

வீங்குவது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடந்தால்கூடப் பரவாயில்லை. கார்பன் கூடக்கூட மார்ட்டன்சைட் தொடங்கும் வெப்பநிலை இறங்குகிறது. 0.2 விழுக்காடு கார்பன் உள்ள உள்ளகம் சுமார் 400 டிகிரியிலேயே மாறத் தொடங்கிவிடும். கார்பன் ஏறிய தோல் 200-க்கும் கீழே வந்த பிறகுதான் மாறும். வெளியே முதலில் குளிர்ந்தாலும் உள்ளே இருப்பது முந்திக்கொண்டு வீங்கும். தோல் கடைசியாக வீங்கும்போது இடம் கொடுக்க உள்ளகம் தயாராக இல்லை. தோல் நிரந்தர அழுத்தத்தில் சிக்கிக்கொள்கிறது. களைப்பு முறிவுக்கு எதிராக இது வரம். அளவுக்கு இது சாபம். தண்டின் பற்கள் தடிக்கின்றன. உட்பல் துளை பெரும்பாலும் சுருங்குகிறது. ஆக, இரண்டும் இரு பக்கத்திலிருந்தும் ஆட்டத்தைத் தின்கின்றன.

இன்னொரு குழப்பம் எண்ணெயிலிருந்து. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாகாமல் உருண்டோடும். அடியில் உருவாகும் நீராவிப் படலம் துளியைத் தாங்கிக் கல்லிலிருந்து பிரித்துவிடுகிறது. லைடன்ஃப்ராஸ்ட் 1756-ல் எழுதிவைத்த இந்த விளைவு எண்ணெய்த் தொட்டியிலும் நடக்கிறது. பழுத்த கியரைச் சுற்றி முதலில் ஆவிப் போர்வை. அந்தப் போர்வை கிழிந்த இடத்தில் எண்ணெய் கொதித்து வெப்பத்தை வேகமாகப் பிடுங்கும். கிழியாத இடம் இன்னும் சிவந்தே நிற்கும். பற்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் ஆவி தங்கும். தட்டில் அடுக்கியதில் கீழ் வரிசையும் மேல் வரிசையும் ஒரே போல் குளிராது. ஒரு பக்கம் தடித்த தட்டும் மறுபக்கம் மெல்லிய கழுத்தும் கொண்ட கியரில் துளையின் இரு முனைகளும் வெவ்வேறு அளவு சுருங்கும், துளை கூம்பாகிவிடும். வாயில் பின் வைத்து அளப்பவருக்கு அளவு சரி. உள்ளே 20 மி.மீ. தள்ளித் தண்டு நிற்கும்போதுதான் விவரம் தெரியும். நீண்ட தண்டென்றால் வளையும். பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தினாலும், நிமிர்த்திய இடத்துப் பற்கள் பழைய ஒழுங்குக்கு முழுதாக வருவதில்லை.

கோணலின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நம் துளை சுருங்கவே இல்லை, ஆனால் லேசாக முட்டை வடிவம் ஆகிவிட்டது. குறுகிய திசையில் ஆரம் 20 மைக்ரான் குறைவு, அகன்ற திசையில் 20 அதிகம். குறுகிய திசையில் உள்ள பள்ளத்துக்குள் நுழையும் தண்டுப் பல், 20 மைக்ரான் மேலே ஏறி நின்றது போலத்தான். பக்கங்கள் சாய்ந்திருப்பதால் பக்கத்துக்கு 20-ஐ 30 டிகிரியின் டேன்ஜென்டால் பெருக்க வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து 23 மைக்ரான் இடைவெளி போயிற்று. ‘எஃப்’ பொருத்தத்தின் 25 மைக்ரானில் மிச்சம் 2. இதே முட்டை வடிவம் 45 டிகிரி ஸ்ப்லைனில் வந்தால் 40 மைக்ரான் காலி. மெல்லிய குழாய் போன்ற உறுப்புகளுக்கு 45 டிகிரி பற்களை ஆசையாகத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு முறை எழுதிப் பார்க்கலாம்.

முட்டை வடிவமாவது இரண்டு திசையில் அளந்தால் பிடிபடும். அதைவிடக் கள்ளத்தனமானது மூன்று புடைப்பு. மெல்லிய வளையத்தை மூன்று தாடைச் சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளையிட்டால், பிடி விட்டதும் அது லேசான மூன்று மூலை வட்டமாகத் திரும்பும். உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் உலையில் தளரும்போது இன்னும் கொஞ்சம். மூன்று புடைப்பு உள்ள துளையில் ஒரு பக்கம் உள்வாங்கிய இடத்துக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு புடைப்பு இருக்கும். எதிரெதிர்ப் பள்ளங்களில் பின் வைத்தால் ஒன்றின் குறை மற்றதன் மிகையில் கரைந்துபோகும். எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அளவு. மைக்ரோமீட்டருக்கு இது குறையற்ற வட்டம். கேஜுக்கு மட்டும் தெரியும்.

இந்தக் கோணலையெல்லாம் அடக்க நூறாண்டாகத் தந்திரங்கள் சேர்ந்திருக்கின்றன. உட்பற்களுக்குக் கெட்டி தேவையில்லையென்றால் அந்தப் பகுதிக்குச் செம்பு முலாம் பூசியோ தடுப்பு வண்ணம் தடவியோ கார்பன் ஏறாமல் காப்பார்கள். பழுத்த கியரை பிரஸ்ஸில் வைத்து, துளைக்குள் ஒரு பிளக்கை நுழைத்து, அந்த நிலையிலேயே எண்ணெய் பாய்ச்சுவது இன்னொன்று; சுருங்கும் துளை பிளக்கின்மேல் வந்து உட்கார்ந்து வட்டம் கெடாமல் நிற்கும். எண்ணெயையே கைவிட்டு, வெற்றிட உலையில் கார்பன் ஏற்றி, பத்து இருபது மடங்கு காற்றழுத்தத்தில் நைட்ரஜனை வீசிக் குளிர்விக்கும் முறையும் இப்போது பரவியிருக்கிறது. வாயுவுக்கு ஆவிப் போர்வை கிடையாது. குளிர்ச்சி சீராக இறங்கும். எதுவும் போதாதபோது கெட்டிப்பட்ட பிறகு கார்பைடு புரோச்சால் துளையை மறுபடி சீவுவார்கள், தண்டின் பற்களை கிரைண்டிங் செய்வார்கள். பணம் இருந்தால் அது எல்லாவற்றையும் தீர்க்கும். பெரும்பாலான ஸ்ப்லைன்களுக்கு அந்தப் பணம் ஒதுக்கப்படுவதில்லை.

எண்ணெய்த் தொட்டியே வேண்டாம் என்று யோசித்தவர்கள் நைட்ரஜனுக்கு, அதாவது நைட்ரைடிங்குக்கு, வந்தார்கள். அமெரிக்காவில் அடால்ஃப் மாக்லெட் 1913-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில், க்ருப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரை 1920-களில் செய்த வேலைதான் முறையை நிலைநிறுத்தியது. அலுமினியமும் குரோமியமும் கலந்த எஃகை அமோனியா வாயுவில் 500 டிகிரி அளவில் வைத்தால், அமோனியா சிதைந்து நைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் இறங்கி, கலப்பு உலோகங்களோடு சேர்ந்து மிக நுண்ணிய கெட்டித் துகள்களாகப் படிகின்றன. அந்த வெப்பநிலையில் எஃகு ஆஸ்டினைட் ஆவதே இல்லை. எனவே மார்ட்டன்சைட் இல்லை, திடீர் வீக்கம் இல்லை, எண்ணெய் இல்லை. உலையோடு மெல்ல ஆறவிடலாம். அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது ஒன்றுதான் குறை.

“நைட்ரைடிங்கில் அளவு மாறாது” என்று சொல்லக் கேட்டிருக்கலாம். இது அரை உண்மை. அதனாலேயே முழுப் பொய்யைவிட ஆபத்து. கோணலாவது மிகக் குறைவு, முன்கூட்டியே உள் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டிருந்தால். ஆனால் வெளியிலிருந்து வந்த நைட்ரஜன் எங்காவது உட்கார வேண்டுமே! மேலே சில மைக்ரான் தடிமனில் ‘வெள்ளைப் படலம்’ என்று சொல்லப்படும் இரும்பு நைட்ரைடு தோல் படிகிறது. அடியில் உள்ள பகுதியும் கொஞ்சம் உப்புகிறது. எஃகையும் ஆழத்தையும் பொறுத்து ஒரு பக்கத்துக்குச் சில மைக்ரானிலிருந்து பத்துப் பதினைந்து வரை வளரும். உருளைத் தண்டில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஸ்ப்லைனில் வடிவக் கணிதம் இதைப் பெருக்கிக் காட்டுகிறது.

பக்கத்துக்கு 10 மைக்ரான் வளர்ச்சி என்று வைத்துக்கொள்வோம். தோல் பல்லின் பக்கத்துக்குச் செங்குத்தாக வளரும். பிட்ச் வட்டத்தின் வழியே அதை அளக்க 30 டிகிரியின் கொசைனால் வகுக்க வேண்டும்: 11.5. பல்லுக்கு இரண்டு பக்கம்: 23. துளையும் நைட்ரைடிங்குக்குப் போயிருந்தால் அதன் பள்ளமும் 23 மைக்ரான் குறுகியிருக்கும். மொத்தம் 46. ‘எஃப்’ பொருத்தத்தில் குறைந்தபட்ச இடைவெளி 25 தான். தண்டு 21 மைக்ரான் தடித்து வெளியே நிற்கிறது. ‘ஈ’ பொருத்தமாக இருந்திருந்தால் 4 மைக்ரான் மிச்சத்தில் நுழைந்திருக்கும். 45 டிகிரிப் பற்களாக இருந்தால் அதே தோல் 57 மைக்ரானை விழுங்கியிருக்கும்.

பின் வைத்து அளப்பவர் காண்பது இதைவிடப் பெரிது. நம் ஸ்ப்லைனில் 3.84 மி.மீ. பின்களை வைத்தால், பக்கத்துக்கு 10 மைக்ரான் தோல், பின்களின் மேல் அளவை ஏறக்குறைய 36 மைக்ரான் உயர்த்தும். “பத்துதான வளரும்னீங்க, முப்பத்தாறு வளர்ந்திருக்கு” என்று தொலைபேசியில் சண்டை பிடிப்பவரும், “இல்ல சார், பத்துதான்” என்று சாதிப்பவரும் இருவருமே சரி. குறுகிய பள்ளத்தின் சாய்ந்த சுவர்களில் பின் மேலே தள்ளப்படுவதால் வந்த பெருக்கம் அது.

நல்ல செய்தி என்னவென்றால், இது முழுக்க அளவு மாற்றம். எல்லாப் பல்லிலும் ஒரே போல் நடப்பது, தட்டுக்குத் தட்டு பெரிதாக மாறாதது. ஆகவே கழித்துக்கொள்ளலாம். நைட்ரைடிங்குக்குப் போகும் தண்டை வெட்டும்போதே ஹாபை 20 மைக்ரான் கூடுதலாக உள்ளே இறக்கினால் பல் 23 மைக்ரான் மெலிந்து வரும். தோல் வளர்ந்ததும் கணக்கு நேராகிவிடும். 30 டிகிரியில் மட்டும் கணக்கு இவ்வளவு அழகாக வரும்: தோலைப் போல இரு மடங்கு ஹாபை இறக்கு, அவ்வளவுதான். துளைக்கு இந்தச் சலுகை இல்லை. புரோச்சை இறக்கவோ ஏற்றவோ முடியாது. ஆர்டர் கொடுக்கும்போதே 23 மைக்ரான் பருத்த புரோச்சாகச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டவர்கள் துளையின் பாவத்தையும் தண்டின் தலையில் ஏற்றி, ஹாபை 40 மைக்ரான் இறக்குகிறார்கள். பொருந்திவிடும். ஆனால் அந்தத் துளைக்கு மாற்றுத் தண்டு வாங்க நேர்ந்தால், தரப்படி செய்த ‘எச்’ தண்டு அதற்குள் போகாமல் நிற்கலாம்; ‘எஃப்’ தண்டுக்கும் உறுதியாக மிஞ்சுவது 2 மைக்ரான்தான்.

பல்லின் முனை ஓரங்களில் இருபுறமிருந்தும் நைட்ரஜன் நுழைவதால் அங்கே வளர்ச்சி கூடுதலாகவும் தோல் நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும். கூர் ஓரத்தை முன்பே லேசாக மழுக்கிவிடுவது வழக்கம். 570–580 டிகிரி உப்புக் குளியலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும் டஃப்ட்ரைடிங்குக்கும் இதே கணக்குத்தான். ஆழம் குறைவு, வெள்ளைப் படலம் மட்டும் 10–20 மைக்ரான் தடிமனில் தாராளமாக வரும்.

மூன்றாவது முறையான இண்டக்ஷன் ஹார்டனிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்புச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய, ஃபாரடே 1831-ல் கண்ட தூண்டலால் தண்டின் தோல் மட்டும் நொடிகளில் பழுக்கும். உடனே தண்ணீர் பீய்ச்சுவார்கள். அதிர்வெண் ஆழத்தைத் தீர்மானிக்கிறது: பழுத்த எஃகில் 10 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் சுமார் 5 மி.மீ. வரை இறங்கும், 200 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். அதிர்வெண் உயர்ந்தால் பல்லின் முனை முந்திப் பழுக்கும், தாழ்ந்தால் அடி. இ.என். 8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகே போதும். உள்ளகம் குளிராகவே இருந்து உருவத்தைப் பிடித்துக்கொள்வதால் கோணல் குறைவு. சுருளுக்கு நடுவே தண்டு சரியாக நிற்காவிட்டால் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் கெட்டிப்பட்டு, தண்டு வில்லாக வளையும். வாகனங்களின் அச்சுத் தண்டுகள் பெருமளவில் இப்படித்தான் தயாராகின்றன. ஸ்ப்லைனைப் பொறுத்தவரை எனக்கு இதுதான் பிடித்த முறை; துளையைக் கெட்டிப்படுத்துவது கடினம் என்பதைத் தவிர.

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முறையானாலும், எந்த உறுப்பானாலும், “ஹீட் ட்ரீட்மென்டுக்கு ஒரு ஐம்பது மைக்ரான் விட்டுடு” என்பது. இந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. அளவு மாற்றத்துக்கு விட்டதா, கோணலுக்கு விட்டதா? அளவுக்கு என்றால் அது முறைக்கு முறை மாறும், கூடுதலா குறைவா என்பதும் மாறும். கோணலுக்கு என்றால், முட்டை வடிவத் துளையில் தண்டை மெலிதாக்கி நுழைத்துவிடலாம்தான். ஆனால் குறுகிய திசையில் சில பற்கள் மட்டும் முழுச் சுமையைத் தாங்க, மற்ற பற்கள் காற்றில் நிற்கும். ஸ்ப்லைன் வடிவமைப்பில் பாதிப் பற்களே சுமக்கும் என்று வைத்துக் கணக்கிடுவதுண்டு. அந்தப் பாதிகூட இங்கே கிடைக்காது. வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் பற்கள் அந்த இடைவெளியைக் கடந்து மோதும். ‘டக்’ என்ற சத்தம் முதலில். காவிப் பொடி பிறகு.

சரியான வரிசை இதுதான் என்பது என் கட்சி: முதலில் கோணலைக் குறைக்கச் செலவு செய், எஞ்சிய அளவு மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழி, ஐம்பதை மற. அதற்கு டிராயிங்கிலேயே ஒரு வரி வேண்டும்: இந்தப் பின் அளவு உலைக்கு முன்னா, பின்னா? இந்த ஒரு வரி இல்லாத டிராயிங்குகள் எத்தனை! கெட்டிப்பட்ட பின் உள்ள அளவை மட்டும் எழுதிவிட்டால், வெட்டுபவர் அதையே தன் அளவாக எடுத்துக்கொள்வார். இரண்டையும் இரண்டு வரியில் எழுதி, முடிவான சோதனை ‘கோ’ கேஜ்தான் என்று சேர்த்துவிட்டால் தொலைபேசிச் சண்டை பாதி குறையும்.

அந்த முன்-அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? சூத்திரம் நைட்ரைடிங்குக்குத்தான் உதவும். கார்பன் ஏற்றுவதற்கு ஒத்திகைதான் வழி. சில துண்டுகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் எண் குத்தி, துளையின் இரு முனையிலும் நடுவிலும், பல திசைகளில் அளந்து எழுதி, உண்மையான தட்டில் உண்மையான நெருக்கத்தில் அடுக்கி உலைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் அதே இடங்களில் அளக்க வேண்டும். சராசரி மாற்றம்தான் கழிக்க வேண்டிய அளவு. துண்டுக்குத் துண்டு, முனைக்கு முனை உள்ள சிதறல்தான் கோணல். சிதறல் பெரிதாக இருந்தால் ஹாபைத் தொடுவதற்கு முன் தட்டில் அடுக்கும் விதத்தையும் எண்ணெயின் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும்.

இப்படிக் கண்ட எண்ணுக்கும் ஆயுள் குறைவு. ஒரே தர எண் கொண்ட எஃகிலும், ஒரு உருக்கலுக்கும் அடுத்த உருக்கலுக்கும் கார்பன், மாங்கனீஸ், குரோமியம் ஆகியவை அனுமதித்த எல்லைக்குள் ஏறி இறங்கும். அதற்கேற்ப உள்ளகம் எவ்வளவு மார்ட்டன்சைட் ஆகிறது என்பது மாறும். அதோடு துளை சுருங்கும் அளவும் மாறும். கம்பியின் ஒரு முனையை மட்டும் தண்ணீரால் குளிர்வித்து, கெட்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் ஜாமினி சோதனையின் எல்லையைக் குறுக்கி எஃகு வாங்கும் கியர் ஆலைகள் இருக்கின்றன. விலை கொஞ்சம் கூடும், துளை சுருங்குவது ஓரளவு ஒரே போல் இருக்கும். அதற்கு வழியில்லாதவர்கள் கம்பியின் முனையில் பூசிய வண்ணத்தையும் குத்திய ஹீட் நம்பரையும் பார்க்கிறார்கள். எண் மாறியிருந்தால் பழைய லாட்டை முடித்துவிட்டு, புதிய கம்பியிலிருந்து மறுபடி ஐந்தாறு துண்டு வெட்டி ஒத்திகைக்கு அனுப்புகிறார்கள். அது திரும்பி வரும்வரை ஹாபிங் மெஷினில் வேறு வேலை ஓடும்.